தெருவுல தண்ணி நின்னா யார் பொறுப்பு? சிவிக் சென்ஸ், தன்னார்வம், குடிமைப் பொறுப்பு பத்தி ஒரு எளிய விளக்கம்

ஐப்பசி பொறந்து ரெண்டு நல்ல மழை பெஞ்சதும் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் ஒரே பேச்சுதான். முட்டி அளவு தண்ணில பைக்கை தள்ளிட்டு போற போட்டோ ஒண்ணு வரும், அதுக்கு கீழ ஒருத்தர் "நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸே கிடையாது"ன்னு போடுவார், இன்னொருத்தர் "வரி மட்டும் கரெக்டா வாங்குறாங்கல்ல"ன்னு போடுவார், மூணாவதா ஒருத்தர் "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து இறங்கி சுத்தம் பண்ணலாமா"ன்னு கேப்பார். தண்ணி வடியறப்போ பேச்சும் கூடவே வடிஞ்சிடும், அடுத்த ஐப்பசி வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.

இந்த மூணு பேரும் ஒரே விஷயத்தை பத்தி பேசற மாதிரிதான் தெரியும், ஆனா மூணும் வேற வேற. பழக்கம், உழைப்பு, முடிவு எடுக்கற உரிமை, இது எல்லாத்தையும் ஒரே பேர் வச்சு கூப்பிடறதாலதான் பேச்சு எங்கயும் நகராம நிக்குதுன்னு எனக்கு தோணுது. அதனால ஒவ்வொன்னா பிரிச்சு, புதுசா யோசிக்கறவங்களுக்கும் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன். நான் இருக்கறது தென் சென்னைல, ஒரு காலத்துல ஏரித்தண்ணி வழிஞ்சு ஓடின தாழ்வான நிலத்துல வந்த ஒரு நகர், அதனால உதாரணமும் இங்கேருந்துதான் வரும்.

மொதல்ல ஒரு அபார்ட்மென்ட்

பன்னெண்டு வீடு இருக்கற ஒரு அபார்ட்மென்ட்டை நெனச்சுக்கோங்க. கீழ சம்ப், மேல டேங்க், நடுவுல ஒரு மோட்டார்.

மாடிப்படில குப்பைய போடாம இருக்கறது, வறுத்த எண்ணெய சிங்க்ல ஊத்தாம இருக்கறது, ராத்திரி பத்து மணிக்கு மேல சுவத்துல டிரில்லிங் பண்ணாம இருக்கறது, இதெல்லாம் சிவிக் சென்ஸ். நாம செய்யற காரியத்தால அடுத்த ஆளுக்கு தொந்தரவு வராம நடந்துக்கற பழக்கம், அவ்வளவுதான். இதுக்கு யார் கூடவும் பேச வேண்டியதில்ல, நம்ம வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும்.

அதே அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி காலேஜ் பையன் லீவு நாள்ல தானா வந்து சம்ப்ல இறங்கி கழுவிக் குடுக்கறான்னா அது தன்னார்வம். யாரும் கட்டாயப்படுத்தாம, காசு வாங்காம, நம்ம நேரத்தையும் உழைப்பையும் பொது வேலைக்கு குடுக்கறது.

இப்போ அந்த மோட்டார் ஒரே வருஷத்துல மூணு தடவை எரிஞ்சு போச்சுன்னு வைங்க. படிக்கட்டு பளபளன்னு இருந்தாலும் தண்ணி வராது, அந்தப் பையன் வாரா வாரம் சம்பை கழுவினாலும் வராது. யாராவது ஒருத்தர் அசோசியேஷன் மீட்டிங்குக்கு போய் "மூணு தடவை ஏன் எரிஞ்சது, வோல்டேஜ் பிரச்சனையா, மோட்டார் சைஸ் தப்பா, மெயின்டனன்ஸ் பணத்துல புதுசு வாங்க முடியுமா"ன்னு கேக்கணும், கணக்கை பாக்கணும், முடிவானப்புறம் அது நடந்ததான்னு மறுபடி போய் பாக்கணும். நாலு பேருக்கு பொதுவான ஒரு விஷயத்துல முடிவு எடுக்கற இடத்துக்கு போய் நம்ம பங்கை எடுத்துக்கறதும், எடுத்த முடிவு நடக்குதான்னு கவனிக்கறதும், இதைத்தான் குடிமைப் பொறுப்புன்னு சொல்றேன். மொதல் ரெண்டும் இதுக்குள்ள அடக்கம்தான், ஆனா ஊர்ல பேசறப்போ எப்பவும் இந்த மூணாவது பகுதிதான் விட்டுப் போகுது.

அதாவது, பழக்கம் நம்ம வீட்டோட நிக்கும், தன்னார்வம் நம்ம நேரத்துல முடியும், மூணாவது மட்டும் கூட்டத்துக்கு போய் பேசினாத்தான் நடக்கும். அது ஏன் முக்கியம்னு புரிய மண்ணுக்கு அடில இருக்கற ரெண்டு குழாயை பாக்கணும்.

தெருவுக்கு அடில ரெண்டு குழாய்

சென்னைல பெரும்பாலான தெருவுக்கு அடில தண்ணி போறதுக்கு ரெண்டு தனித்தனி பாதை உண்டு. நிறைய பேருக்கு, ரொம்ப வருஷமா இங்கயே இருக்கறவங்களுக்கு கூட, ரெண்டும் ஒண்ணுன்னுதான் நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒண்ணு மழைநீர் வடிகால். ரோட்டு ஓரத்துல கான்கிரீட்ல கட்டி மேல ஸ்லாப் போட்டிருக்கும், நாம பாதி இடத்துல அது மேலதான் நடக்கறோம். ரோட்டுல விழற மழை அதுக்குள்ள போய், கால்வாய்ல சேந்து, அங்கேருந்து கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்னு ஏதோ ஒண்ணு வழியா கடலுக்கு போயிடும். நடுவுல எங்கயும் சுத்திகரிப்பு கிடையாது, உள்ள என்ன போகுதோ அதுவே ஆத்துல போய் சேரும்.

ரெண்டாவது பாதாள சாக்கடை. வட்ட மூடி போட்ட மேன்ஹோல் தெரியுதே, அது இதோடது. கக்கூஸ் தண்ணி, சமையலறை தண்ணி, குளிக்கற தண்ணி எல்லாம் இதுல போய், பம்பிங் ஸ்டேஷன்ல மேல தள்ளி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு போகும்.

மழைநீர் வடிகால்ல ரோட்டுத் தண்ணி நுழையற இடத்துல சின்னதா ஒரு தொட்டி இருக்கும், வண்டல் வடிகட்டித் தொட்டின்னு பேரு. மண்ணும் இலையும் அதுல தங்கிட்டு தண்ணி மட்டும் உள்ள போகணும்னுதான் அது வச்சிருக்கறது. அது அடைச்சுக்கிட்டா வடிகால் எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, தண்ணி ரோட்டுலதான் நிக்கும்.

நாங்க ஒரு வருஷம் புரட்டாசிலயே இறங்கினோம். முப்பது பேர் கிட்ட வந்தாங்க, கையுறை, மண்வெட்டி, சாக்கு எல்லாம் நாங்களே காசு போட்டு வாங்கினது, தெரு முழுக்க அந்தத் தொட்டிகளை தோண்டி சுத்தம் பண்ணோம், டீ குடிச்சோம், போட்டோ எடுத்துக்கிட்டோம், ரொம்ப சந்தோஷமா இருந்தது. மூணே வாரத்துல கருப்பா சேறு மேல வந்து நின்னுச்சு. அந்த வருஷ மழைக்கும் தண்ணி நின்னுது. அடுத்த தடவை கூப்பிட்டப்போ பதினோரு பேர்தான் வந்தாங்க.

எங்க தெருவுல கடைசி வீட்டு சார், கட்டட வேலைல இருந்து ரிட்டயர் ஆனவர், பங்குனி மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் என்னை கூப்பிட்டு ஸ்லாப் இடுக்குல குனிஞ்சு பாக்கச் சொன்னார். உள்ள தண்ணி ஓடிட்டு இருந்தது. "மழை பெஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே தம்பி, மழைநீர் வடிகால்ல இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"ன்னு கேட்டார்.

அந்த ஒரு கேள்விலதான் எனக்கு எல்லாமே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது.

வீட்டுக் கழிவுத்தண்ணி மழைநீர் வடிகால்ல விட்டிருந்தாங்க. மழை இல்லாத காலத்துல அந்தத் தண்ணி மெதுவா ஓடும், மெதுவா ஓடறதால அதுல இருக்கற எண்ணெயும் சோப்பும் கசடும் அடில படியும், நாளாக நாளாக கெட்டியாகும், வடிகாலோட பாதி உயரத்தை அதுவே எடுத்துக்கும். மழை வர்றப்போ மிச்சம் இருக்கற பாதி இடத்துலதான் தண்ணி போயாகணும், போக முடியாது. நாங்க மேல மேல சுத்தம் பண்ணது அந்தத் தொட்டிகளைத்தான், அடைப்பு இருந்தது வடிகாலுக்கு உள்ள.

இதோட மறுபக்கமும் உண்டு. தெருவுல தண்ணி நிக்கறப்போ யாராவது கம்பிய எடுத்துட்டு வந்து மேன்ஹோல் மூடிய தூக்கி விட்டுடுவாங்க, தண்ணி சட்டுன்னு இறங்கும், தெருவே கை தட்டும். ஆனா பாதாள சாக்கடை மழைக்காக கட்டினது இல்ல, பம்பிங் ஸ்டேஷன் அந்த அளவை தள்ள முடியாம திணறும், தாழ்வான தெருவுல இருக்கற வீட்டு கக்கூஸ் வழியா அது திரும்பி மேல வரும். தண்ணிக்கடியில தொறந்து கிடக்கற மேன்ஹோல் ஆளை முழுங்கற ஆபத்து வேற. நல்ல மனசோட செய்யறதுதான், ஆனாலும் செய்யவே கூடாது.

யார் தப்புன்னு தேடினப்போ

சரி, யார் வீட்டுலேருந்து விடறாங்கன்னு பாத்தோம். நான் கோவமாத்தான் போனேன். போய் பேசினப்போ தெரிஞ்சது, பின்னாடி ரெண்டு சந்துக்கு பாதாள சாக்கடை லைனே வரல. அங்க எல்லார் வீட்டுலயும் செப்டிக் டேங்க்தான், நிலத்தடி நீர் மேலயே இருக்கற ஏரியாவாச்சே, மழைக்காலத்துல அது சீக்கிரமே நிரம்பிடும், லாரி வச்சு எடுக்க ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்குல செலவு. ஒரு அக்கா சொன்னாங்க, "எங்களுக்கு மட்டும் ஆசையாப்பா, வாசல்லயே அந்த நாத்தம் அடிக்குது, கனெக்‌ஷன் குடுங்க, இன்னைக்கே அடைச்சுடறேன்".

சிவிக் சென்ஸ் இல்லன்னு நாங்க வருஷக்கணக்கா திட்டினது குழாய் இல்லாத ஜனங்களை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்பறேன், ஏன்னா ஊர்ல இந்த வார்த்தை பெரும்பாலும் வசதி இல்லாதவங்க மேலதான் போய் விழுது. பக்கத்துல குப்பைத்தொட்டியே இல்லாத இடத்துல குப்பை போடறவங்க, பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடக்கற இடத்துல ஓரமா ஒதுங்கறவங்க, நடைபாதைய பூரா வண்டி அடைச்சிருக்கறதால ரோட்டுல நடக்கறவங்க. பழக்கக் கோளாறும் இருக்கு, இல்லன்னு சொல்லல. கார் கண்ணாடிய இறக்கி வாட்டர் பாட்டிலை எறியறவங்களுக்கு எந்த சமாதானமும் கிடையாது. ஆனா ஒரே இடத்துல ஒரே தப்பு தெனமும் வேற வேற ஆளுங்க செய்யறாங்கன்னா, அங்க ஏதோ ஒரு வசதி இல்லாம இருக்கான்னு மொதல்ல பாக்கறது நல்லது.

இதுவரைக்கும் பாத்தது: மழைநீருக்கு ஒரு பாதை, கழிவுநீருக்கு ஒரு பாதை. ஒண்ணுல போக வேண்டியது இன்னொன்னுல போனா ரெண்டுமே கெடும். எங்க தெருப் பிரச்சனைய பழக்கத்தாலயோ ஞாயித்துக்கிழமை உழைப்பாலயோ தீக்க முடியாது, பின்சந்துக்கு லைன் போடணும்னு யாரோ முடிவெடுக்கணும்.

அந்த "யாரோ" யாரு?

இங்கதான் நிறைய பேர் கைய விட்டுடறாங்க. எல்லாமே கார்ப்பரேஷன்னு நெனச்சு போவாங்க, "இது எங்களோடது இல்ல"ன்னு சொல்லிட்டா ஏமாத்தறாங்கன்னு திரும்பி வந்துடுவாங்க. சில சமயம் தட்டிக் கழிக்கறதும் நடக்கும், ஆனா நிறைய தடவை அது உண்மையாவே வேற துறையோட வேலையா இருக்கும்.

சென்னைல தெரு ரோடு, தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பார்க், கொசு மருந்து இதெல்லாம் மாநகராட்சி. குடிதண்ணியும் பாதாள சாக்கடையும் மெட்ரோ வாட்டர், அது தனி வாரியம். ஆறும் பெரிய ஏரிகளும் பெரும்பாலும் நீர்வளத்துறை, சில பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை, கரண்ட் மின்வாரியம். ஒரே பள்ளத்துக்கு இதுல மூணு துறைக்கு சம்பந்தம் இருக்கலாம்: மெட்ரோ வாட்டர் தோண்டும், மாநகராட்சி மூடும், நடுவுல மின்வாரிய கேபிள் போகும். நாங்க மொத ஆறு மாசம் தப்பான ஆபீஸுக்குத்தான் மனு குடுத்துட்டு இருந்தோம்.

மாநகராட்சியோட அளவும் தெரிஞ்சிருக்கணும். 1688ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே பழைய மாநகராட்சி. 2011ல சுத்தி இருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சின்னு 42 உள்ளாட்சிகளை சேத்தாங்க, 174 சதுர கிலோமீட்டர் 426 ஆச்சு, 155 வார்டு 200 ஆச்சு. அப்படி சேந்த பகுதிகள்ல நிறைய இடத்துக்கு குழாயும் வடிகாலும் அதுக்கப்புறம்தான் ஒவ்வொன்னா வர ஆரம்பிச்சது. எங்க பின்சந்து கதையும் அதுதான்.

தன்னார்வம் எங்க ஜெயிக்குது, எங்க நின்னு போகுது

தன்னார்வத்தை நான் குறைச்சு சொல்ற மாதிரி இருந்தா அது தப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துல மொத ரெண்டு நாள் இந்த ஊரை தாங்கினது முக்கால்வாசி ஜனங்கதான். மீனவர்கள் படகை லாரில ஏத்திட்டு வந்து தெருவுக்குள்ள ஓட்டினாங்க, பள்ளிவாசலும் கோயிலும் சர்ச்சும் கதவை தொறந்து வச்சாங்க, பேர் தெரியாத பசங்க சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி இடுப்பளவு தண்ணில நடந்தாங்க. அவசரத்துக்கு தன்னார்வம் மாதிரி வேகமா வர்றது வேற எதுவும் இல்ல. தண்ணி வடிஞ்சப்புறம்தான் கஷ்டம், ஏன்னா அப்போ வேணும்கறது வேகம் இல்ல, வருஷக்கணக்கா விடாம பாத்துக்கற ஆள்.

இதுக்கு நல்ல உதாரணம் சென்னைலயே இருக்கு. 1989ல எம்.பி. நிர்மல்னு ஒரு வங்கி அதிகாரி எக்ஸ்னோரான்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சார். தெருக்காரங்க சேந்து மாசம் ஒரு சின்ன தொகை போட்டு, ஏற்கனவே குப்பை பொறுக்கிப் பிழைச்சுட்டு இருந்த ஒருத்தரையே வேலைக்கு வச்சு, ஒரு மூணு சக்கர வண்டி வாங்கிக் குடுத்து, அவர் தெனமும் வீடு வீடா வந்து குப்பைய எடுத்துட்டு போவார். அப்போ வீட்டு வாசல்ல வந்து குப்பை வாங்கறதுங்கறதே புதுசு, தெருமுனைத் தொட்டில நாமளே போய் கொட்டணும். நூத்துக்கணக்கான தெருவுல இது நடந்தது. ஆனா அந்த வண்டி கொண்டு போய் கொட்டற இடத்துலேருந்து லாரி எடுக்கலன்னா சங்கிலி அங்கயே அறுந்துடும், தெருக்காரங்களால லாரி ஓட்ட முடியாது. 1996ல அல்மித்ரா படேல்னு ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துல போட்ட பொதுநல வழக்கை தொடர்ந்து 2000ல திடக்கழிவுக்கு நாடு முழுக்க விதி வந்தது, வீடு வீடா குப்பை எடுக்கறது உள்ளாட்சியோட கடமைன்னு ஆச்சு. 2016 விதில குப்பைய மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமானதுன்னு பிரிச்சுக் குடுக்கறது வீட்டுக்காரங்க கடமைன்னும் வந்தது. இன்னைக்கு பேட்டரி வண்டி பாட்டு போட்டுட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கறதுக்கு பின்னாடி இவ்வளவு தூரம் இருக்கு. ஜனங்க இப்படி செய்ய முடியும்னு செஞ்சு காட்டினாங்க, அப்புறம் அதை விதியா ஆக்கறதுக்கு இன்னும் சில பேர் கோர்ட்டு வரைக்கும் போனாங்க.

குடிமராமத்து ஏன் செத்துப் போச்சு

நம்ம ஊர்ல இதுக்கு பழைய வார்த்தையே இருக்கு, குடிமராமத்து. குடின்னா ஊர்ல குடியிருக்கறவங்க, மராமத்துன்னா பழுது பாக்கறது. கோடைல ஏரி வத்தினதும் பாசனக்காரங்க எல்லாம் வீட்டுக்கு ஒரு ஆள்னு இறங்கி தூர் வாரி, கரைய உயத்தி, மதகை சரி பண்ணுவாங்க. இதை சும்மா நல்ல மனசுன்னு மட்டும் பாக்கக் கூடாது. வாரின வண்டல் அவங்க வயலுக்கே உரம், ஏரில மீன் குத்தகை, கரைல இருக்கற மரத்தோட வருமானம், யாருக்கு எப்போ தண்ணின்னு பங்கு சொல்ற நீர்க்கட்டி, அவருக்கு ஊரே குடுக்கற கூலி, எல்லாம் ஊர்க் கைல இருந்தது. ஏரி மேல உரிமை இருந்ததால உழைப்பும் வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துல ஏரியும் அதோட வருமானமும் அரசாங்கத்துக்கு போச்சு, ஆனா உழைப்பு மட்டும் ஜனங்ககிட்டேருந்து வேணும்னு நெனச்சாங்க. 1858ல கட்டாய உழைப்புச் சட்டம்னே ஒண்ணு மெட்ராஸ் மாகாணத்துல போட்டாங்க. சட்டம் போட்டும் பழைய மாதிரி நடக்கல, கொஞ்சம் கொஞ்சமா வழக்கம் அழிஞ்சது. தமிழ்நாடு அரசு 2017ல அதே பேர்ல திட்டம் கொண்டுவந்து நிறைய ஏரியை தூர் வாரினாங்க, ஆனா பேரை திருப்பிக் கொண்டுவந்த மாதிரி அந்த பழைய உரிமை உணர்வை திருப்பிக் கொண்டுவர்றது அவ்வளவு சுலபம் இல்ல.

பழசு எல்லாமே நியாயமா இருந்ததுன்னும் சொல்லிட முடியாது. இறங்கி மண் சுமந்தவங்க எல்லாருக்கும் தண்ணில சமமா பங்கு கிடைக்கல, சாதி அதுல பலமா இருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துல, ஏரி வாரியம்னு தனி குழு வச்சு குடவோலைல ஆள் எடுத்ததையும், வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவனும் அவன் உறவுக்காரங்களும் மறுபடி நிக்க முடியாதுன்னு எழுதி வச்சதையும் நாம பெருமையா சொல்றோம். ஆனா நிலம் வச்சிருந்த, வேதம் படிச்ச ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துல பேர் போச்சு.

இந்தக் கதைலேருந்து எடுத்துக்க வேண்டியது: கேள்வி கேக்கற உரிமைய எடுத்துட்டு பொறுப்பை மட்டும் ஒருத்தர் மேல வச்சா அது ரொம்ப நாள் நிக்காது. அப்போ இன்னைக்கு நகரத்துல அந்த உரிமை எங்க இருக்கு?

ஏரியா சபை

கிராமத்துக்கு கிராம சபை இருக்கறது எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு நாள். நகரத்துக்கு அந்த மாதிரி ஒண்ணு ரொம்ப நாளா இல்ல. 1993ல நடைமுறைக்கு வந்த 74வது அரசியலமைப்புத் திருத்தம், மூணு லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற நகரத்துல வார்டு கமிட்டி வேணும்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல அதுக்கான விதி வந்து, 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்துல மொத தடவையா கூட்டங்கள் நடந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

அமைப்பு சுலபம்தான். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வார்டு கமிட்டி, கவுன்சிலர் அதுக்கு தலைவர். வார்டை சின்னச் சின்ன பகுதியா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் ஒரு ஏரியா சபை, அரசு பேப்பர்ல பகுதி சபான்னு இருக்கும். அங்க குடியிருக்கற வாக்காளர்கள் வந்து உக்காந்து எங்க லைட் வேணும், எந்தத் தெருவுக்கு வடிகால் மொதல்ல வேணும், பொதுக் கழிப்பறை எங்க வரணும்னு பேசலாம், கேள்வி கேக்கலாம். இங்க பேசறது பரிந்துரைதான், நாளைக்கே டெண்டர் விட்டுட மாட்டாங்க. ஆனா வாட்ஸ்அப்ல புலம்பறதுக்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம், இங்க சொல்றது பதிவாகுது, பதிவானதை அடுத்த கூட்டத்துல "அது என்ன ஆச்சு"ன்னு கேக்கலாம்.

ஓட்டு நிலவரத்தையும் சேத்துப் பாருங்க. 2016 அக்டோபர்ல பழைய மன்றத்தோட காலம் முடிஞ்சதுலேருந்து 2022 வரைக்கும் சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது. அவ்வளவு வருஷம் கழிச்சு 2022 பிப்ரவரி 19ல தேர்தல் வந்தப்போ சென்னைல ஓட்டு போட்டது சுமார் 43 சதவீதம்தான், மாநிலம் முழுக்க சராசரி 60 சதவீதம் கிட்ட. எம்எல்ஏ எலெக்‌ஷனுக்கு வரிசைல நிக்கறவங்க, தன் வாசல் வடிகாலை முடிவு பண்ற எலெக்‌ஷனுக்கு வரல. இது எனக்கு உண்மையாவே வலிக்குது.

புகார் எப்படி குடுக்கறது

போன்ல சொல்றதுன்னா மாநகராட்சிக்கு 1913, மொபைல் ஆப்பும் இருக்கு. புகார் எண்ணை கண்டிப்பா எழுதி வச்சுக்கணும், எண் இல்லாத புகாருக்கு ஆயுசு கம்மி. "எங்க ஏரியாவுல வடிகால் சரியில்ல"ன்னு எழுதினா அதை வச்சு யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தத் தெரு, எந்த கதவு எண்ணுக்கு எதிர்ல, எத்தனை நாளா, போட்டோ, இது நாலும் இருந்தா களத்துக்கு வர்ற ஆளுக்கே வேலை சுலபமாகும். அவரும் ஒரு நாளைக்கு ஐம்பது புகார் பாக்கறவர்.

பதிலே வரலன்னா தகவல் உரிமைச் சட்டம், 2005ல வந்தது. பத்து ரூபா கட்டணத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினா முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லணும். ஏன் செய்யலன்னு சண்டை போடற மாதிரி எழுதறதை விட, "இந்தத் தெருவுல கடைசியா எந்தத் தேதில தூர் வாரப்பட்டது, எவ்வளவு செலவு, வேலை உத்தரவு நகல் வேணும்"னு கேட்டா நேரான பதில் வரும். எங்க பின்சந்து லைன் எந்த நிலைல இருக்குன்னு எங்களுக்கு தெரிஞ்சதே இப்படித்தான். திட்டத்துல சேத்திருந்தாங்க, யாரும் பின்தொடராம அப்படியே கிடந்தது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆச்சு, ஒரு சந்துக்கு லைன் வந்துடுச்சு.

காசு போட தயாரா இருக்கற தெருவா இருந்தா நமக்கு நாமே திட்டம் இருக்கு, 1990கள்ல ஆரம்பிச்சது. பார்க், பள்ளிக்கூட கட்டடம் மாதிரி வேலைக்கு ஜனங்க பொதுவா மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடும்.

வழக்கமா வர்ற ரெண்டு கேள்வி

"நான்தான் வரி கட்டறேனே, அப்புறம் எனக்கென்ன பொறுப்பு?" வரி மெயின்டனன்ஸ் பணம் மாதிரி. பணம் கட்டிட்டோம்னு அசோசியேஷன் கணக்கை யாராவது பாக்காம விடுவாங்களா? கட்டினவங்கதான் கேக்கணும்.

"நான் வாடகைக்கு இருக்கேன், ரெண்டு வருஷத்துல மாறிடுவேன்." இது நியாயமான தயக்கம், அலைச்சல் எல்லாராலயும் முடியாது. ஆனா வாடகைக்காரங்களும் அந்தத் தண்ணிலதான் நடக்கறாங்க. மனு குடுக்க போக முடியலன்னா கூட சிங்க்ல எண்ணெய், கக்கூஸ்ல நாப்கின், ஈரத் துணி போடாம இருக்கலாம். இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. அந்த அடைப்பை எடுக்க இன்னைக்கும் சில இடத்துல மனுஷனை இறக்கறாங்க. 2013 சட்டம் அதை தடை பண்ணியிருக்கு, செத்துப் போனா குடும்பத்துக்கு முப்பது லட்சம் குடுக்கணும்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அப்படியும் சாவு நிக்கல. நாம தண்ணிய ஊத்தி அனுப்பிட்டு மறந்துடற பொருள் இன்னொருத்தர் உயிரோட போய் முட்டுது.

ஆரம்பிக்கணும்னு நெனக்கறவங்க ஆவணி, புரட்டாசிலயே, மழைக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் உங்க தெருவுல நடந்து வண்டல் தொட்டி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மூடி எதையும் தொறக்க வேணாம், எது அடைச்சிருக்குன்னு மேலேருந்தே தெரியும். மழை இல்லாத நாள்ல வடிகால்ல தண்ணி ஓடுதான்னு மட்டும் குனிஞ்சு கவனிங்க. எங்க தெருவுல அந்தத் தொட்டி இருபத்தி மூணு இருக்கு. அதுல நாலு இன்னும் அடைச்சுத்தான் இருக்கு, ரெண்டாவது சந்துக்கு லைன் இன்னும் வரல. அந்த நாலோட போட்டோவும் எதிர் வீட்டு கதவு எண்ணும் கடைசி வீட்டு சார் நோட்டுல ஒட்டி வச்சிருக்கார், அடுத்த ஏரியா சபைக்கு பின்சந்து அக்காவும் எங்க கூட வர்றாங்க.